இல்லாத தகைமையை எழுதிக் கொடுக்கலாமா?

(பதுளை மாவட்டத் தோட்டமொன்றில் பெற்றோர்களுக்கும் வேலை தேடும் இளைஞர் யுவதிகளுக்கும் ஆற்றிய உரை)



இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. வாரம் முழுக்க மலையில் நின்றவர்களுக்குத் துணி துவைக்க, விறகு பார்க்க, டவுனுக்குப் போய் சாமான் வாங்கக் கிடைக்கிற ஒரே நாள். அதையும் விட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

வேலைக்கு போம் நிரப்ப உதவி கேட்டுப் பிள்ளைகள் எங்களிடம் வருவார்கள். கூடவே அம்மாவோ அப்பாவோ வருவார்கள். ஒரு நாள் ஒரு தாய் கேட்டார்: "மத்த பாடமெல்லாம் பாஸுங்க. கணக்கு மட்டும் டபிள்யூ. சாதாரண தரம் சித்தின்னு போட்டுட்டா என்னாங்க? யாரு பாக்கப் போறா?"

அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. மகனுக்கு ஒரு வேலை கிடைக்க வேண்டும், அவ்வளவுதான். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தை முடி என்கிறார்களே, அதேபோல ஒரு பொய் சொல்லி ஒரு வேலையை வாங்கினால் என்ன என்பது அவருடைய நியாயம். அந்தக் கேள்விக்கு அன்றைக்கு நின்ற நிலையில் ஏதோ சொல்லி அனுப்பிவிட்டோம். இன்றைக்கு முழுப் பதிலையும் சொல்லப் போகிறோம்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்வோம். நம்முடைய பிள்ளைகள் கூட்டி எழுதுவதற்குக் காரணம் சோம்பேறித்தனமோ திருட்டுப் புத்தியோ அல்ல, பயம். "தோட்டத்துப் புள்ளன்னா எடுக்க மாட்டாங்க" என்ற பயம். எங்களுடைய காலத்தில் தோட்டத்து விலாசத்தைப் போடவே கூச்சப்பட்டு, டவுனில் உள்ள கடை விலாசத்தைப் போட்டவர்கள் உண்டு. விலாசத்தில் தொடங்கிய அந்தக் கூச்சம் பிறகு பாடத்துக்கு வந்தது, அனுபவத்துக்கு வந்தது. ஆறு மாதம் வேலை செய்ததை இரண்டு வருடம் என்று எழுதுகிறோம். மூன்று மாதக் கம்பியூட்டர் வகுப்புக்குப் பாதி நாள் போனதை 'டிப்ளோமா' என்று எழுதுகிறோம். இருப்பது போதாது என்று நாங்களே முதலில் முடிவு கட்டிவிடுகிறோம். வேலை கொடுப்பவர் இன்னும் வாயே திறக்கவில்லை.

இந்த இடத்தில் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு துண்டுக் கடதாசியின் பெறுமதி என்ன என்று மலையகத்துக்காரனுக்கு வேறு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது, பரம்பரையை நிரூபிக்கப் பத்திரம் இல்லை என்ற காரணத்தால் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களும் நாடற்றவர்களாக நின்றார்கள். 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. யார் போவது, யார் இருப்பது என்று குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்தன. கடைசியில் 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரைக்கும் கடதாசிக்காக அலைந்தவர்கள் இந்த மண்டபத்திலேயே இருப்பார்கள். கடதாசி இல்லாததால் பட்ட பாடு அது. இன்றைக்கு நம்முடைய பிள்ளைகளின் கையில் பிறப்புச் சான்றிதழ் இருக்கிறது, அடையாள அட்டை இருக்கிறது, பரீட்சைப் பெறுபேறு இருக்கிறது. அதை நாமே கெடுத்துக்கொள்ளலாமா?

சரி, "யாரு பாக்கப் போறா?" என்ற கேள்விக்கு வருவோம்.

நாடே பார்த்த ஒரு சம்பவத்தைச் சொல்கிறோம். பேப்பரில் படித்திருப்பீர்கள். 2024 நவம்பர் 21ஆம் திகதி புதிய பாராளுமன்றம் கூடியபோது, அசோக ரன்வல என்பவரை எதிர்ப்பில்லாமல் சபாநாயகராகத் தெரிவு செய்தார்கள். அவருடைய பெயருக்கு முன்னால் 'கலாநிதி' என்று இருந்தது. ஜப்பானில் உள்ள வசேதா பல்கலைக்கழகத்தின் பட்டம் என்று சொல்லப்பட்டது. பத்திரத்தைக் காட்டுங்கள் என்று பலரும் கேட்கத் தொடங்கினார்கள். டிசம்பர் 13ஆம் திகதி அவர் பதவியை விட்டு விலகினார். தாம் பொய் எதுவும் சொல்லவில்லை என்றும், ஆவணங்களை உடனே சமர்ப்பிக்க முடியாமல் இருக்கிறது என்றும் அவர் சொன்னார். அது அவருடைய விளக்கம். நாங்கள் அதற்குள் போகவில்லை, தீர்ப்புச் சொல்வது எங்கள் வேலையும் இல்லை. நாட்டின் ஆகப் பெரிய நாற்காலிகளில் ஒன்று. மூன்று வாரத்துக்கு மேல் ஒரு நாள்தான் அதில் இருக்க முடிந்தது.

இதில் எங்களுக்குப் பெரிய ஆச்சரியம் எது தெரியுமா? சபாநாயகராவதற்குக் கலாநிதிப் பட்டம் தேவையே இல்லை. பட்டம் கேட்கிற சட்டம் இல்லை. பாராளுமன்ற உறுப்பினராக இருந்தால் போதும். அந்த ஒரு சொல் பெயருக்கு முன்னால் இல்லாமலே அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கலாம். கேட்காத ஒன்றுதான் கேட்டுக் கிடைத்ததையும் கொண்டுபோய்விட்டது.

இது நம்முடைய நாட்டில் மட்டும் நடக்கிற காரியம் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்று உலகப் புகழ் பெற்ற பல்கலைக்கழகம் ஒன்று இருக்கிறது. அங்கே மாணவர்களைச் சேர்க்கும் பிரிவுக்குத் தலைவியாக மேரிலீ ஜோன்ஸ் என்ற அம்மையார் இருந்தார். 1979இல் ஒரு சிறிய வேலையில் சேர்ந்து, படிப்படியாக மேலே வந்தவர். வேலையில் கெட்டிக்காரி, புத்தகம் எழுதியவர், பெற்றோர்கள் மதித்தவர். 2007 ஏப்ரலில் விலகினார். வேலைக்குச் சேர்ந்த காலத்தில் தனக்கு இல்லாத பட்டங்களை எழுதிக் கொடுத்திருந்தார். அதையும் கவனியுங்கள்: முதலில் அவர் சேர்ந்த அந்தச் சிறிய வேலைக்குப் பட்டமே கேட்கவில்லை. 28 வருடம் உண்மையாக உழைத்தார். திருத்துவதற்குத் தனக்குத் தைரியம் வரவில்லை என்று அவரே சொன்னார்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்று நாம் சொல்வோம். 28 வருடம் தாங்கிய புளுகும் இருக்கிறது. ஆனால் அந்த 28 வருடமும் அவர் எப்படித் தூங்கியிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு பதவி உயர்வும் மற்றவர்களுக்குச் சந்தோஷம். அவருக்கு, பழைய ஃபைலை யாரும் திறந்துவிடுவார்களோ என்ற நடுக்கம்.

பெரிய இடத்துக் கதை போதும். எங்களுக்குள்ளேயே நடந்த ஒன்றைச் சொல்கிறோம். எங்களில் ஒருவர் இளவயதில் டவுனில் ஒரு வியாபார இடத்தில் கணக்கெழுதும் வேலைக்குப் போனார். பெயரைச் சொல்ல மாட்டோம். அவர் இப்போது இந்த மேசையில்தான் இருக்கிறார், சிரிக்கிறவரைப் பார்த்துக் கண்டுபிடித்துக்கொள்ளுங்கள். போமில் 'வேறு மொழிகள்' என்று ஒரு கோடு. மனுஷன் சந்தையில் நன்றாகச் சிங்களம் பேசுவார். ஆனால் எழுத்துத் தெரியாது. அவரோ, 'சிங்களம் – பேச, வாசிக்க, எழுத முடியும்' என்று போட்டுவிட்டார்.

மூன்றாவது வாரம் முதலாளி ஒரு சிங்களக் கடிதத்தைக் கொடுத்து, "இதைப் பார்த்துப் பதில் போடு" என்றார். இவர் கடிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, சாப்பாட்டு நேரத்தில் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார். அங்கே ஒரு சிநேகிதன் கடை வைத்திருந்தான். அவன் வாசித்துச் சொல்ல, அவனே பதிலும் எழுதிக் கொடுக்க, இவர் அதைப் பார்த்துப் பிரதி பண்ணிக் கொண்டுபோய்க் கொடுத்தார். இப்படியே ஐந்து மாதம். பகல் சாப்பாடு சாப்பிட்ட நாள் குறைவு. தீபாவளிக்கு அந்தச் சிநேகிதன் ஊருக்குப் போய்விட்டான். அந்த வாரம் வந்த கடிதத்தில் ஒரு கடைசித் திகதி இருந்திருக்கிறது. வாசிக்க ஆள் இல்லாமல் கடிதம் பையிலேயே கிடந்தது. திகதி போய்விட்டது. முதலாளிக்கு நட்டம்.

முதலாளி கூப்பிட்டு விசாரித்தபோது இவர் அழுதுகொண்டே உண்மையைச் சொன்னார். அந்த மனிதர் திட்டவில்லை. "நான் ஒன்னய எடுத்தது கணக்குக்குத்தானேப்பா. மொதநாளே சொல்லியிருந்தா கடிதத்த வேற ஆளுக்குக் குடுத்திருப்பேனே" என்றார். அதைக் கேட்டபிறகுதான் அழுகை கூடியது என்று எங்கள் ஆள் இன்றைக்கும் சொல்வார். சிங்களத்துக்காக அவரை யாரும் எடுக்கவில்லை!

நீங்கள் எல்லோரும் கொழுந்து எடுப்பவர்கள். கூடைக்கு மேலே இரண்டு இலையும் மொட்டுமாக இருந்து, அடியில் முத்தல் இருந்தால் என்ன நடக்கும்? கொட்டுகிற இடத்தில் தெரிந்துவிடும். அந்த முத்தலுக்காக மாத்திரம் கழிக்க மாட்டார்கள். அடுத்த நாளிலிருந்து உங்கள் கூடையை மட்டும் கிளறிப் பார்ப்பார்கள். நல்ல கொழுந்து கொண்டுவந்தாலும் கிளறுவார்கள். வேலை செய்யும் இடத்தில் ஒரு பொய் பிடிபட்டால் நடப்பதும் இதுதான்.

இன்றைக்குப் பார்ப்பதும் சுலபமாகிவிட்டது. சுட்டெண்ணையும் பரீட்சை எழுதிய வருடத்தையும் கொடுத்தால் பரீட்சைத் திணைக்களத்தில் உண்மைப் பெறுபேறு வந்துவிடும். அரசாங்க நியமனம் என்றால் சான்றிதழ்களைச் சரிபார்ப்பார்கள். கொடுத்த தகவல் பொய் என்று பிறகு தெரிந்தாலும் நியமனத்தை ரத்துச் செய்யலாம் என்ற நிபந்தனையை நியமனக் கடிதத்திலேயே பார்க்கலாம். வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களின் சான்றிதழ்களை வெளிநாட்டு அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் அத்தாட்சிப்படுத்தக் கேட்கிறார்கள். சும்மா கூட்டி எழுதுவது ஒன்று. சான்றிதழையே திருத்தி, போட்டோக் கொப்பி எடுத்துக் கொடுப்பது வேறொன்று. அது போலி ஆவணம். போலி ஆவணம் செய்வதும், போலி என்று தெரிந்தே பாவிப்பதும் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின்படி சிறைக்கு அனுப்பக்கூடிய குற்றங்கள். "கடைக்காரன்தான் செஞ்சு குடுத்தான்" என்று சொன்னால் பொலிஸ் கேட்காது.

கடைக்காரன் என்றதும் ஞாபகம் வருகிறது. பசறையிலோ பண்டாரவளையிலோ கொமியுனிக்கேஷன் கடைக்குப் போய் சி.வி. அடிக்கச் சொல்கிறீர்கள். அவர் என்ன செய்கிறார்? கம்பியூட்டரில் ஏற்கனவே இருக்கிற யாரோ ஒருவருடைய சி.வி.யை எடுத்து, பெயரையும் விலாசத்தையும் மாற்றி, முந்நூறு நானூறு ரூபாய் வாங்கிக்கொண்டு கொடுத்துவிடுகிறார். எல்லாம் இங்கிலீஷில். உள்ளே இருக்கிற அனுபவம், பயிற்சி எல்லாம் அந்த முதல் ஆளுடையது! ஒரு பிள்ளையிடம், "மோட்டார் சைக்கிள் லைசன்ஸ் இருக்கிறதாமே?" என்று கேட்டோம். "எனக்குச் சைக்கிளே ஓட்டத் தெரியாதுங்க" என்றது. கீழே கையெழுத்து அந்தப் பிள்ளையுடையது. "மேற்கூறியவை உண்மையென உறுதியளிக்கிறேன்" என்ற வரிக்குக் கீழேதான் கையெழுத்து. ஆகவே அடித்து முடிந்ததும் கடையிலேயே நின்று ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். வெட்கப்பட வேண்டாம். காசு கொடுக்கிறவர் நீங்கள்.

மற்றவர் கூட்டி எழுதியதைத் திருத்துவதற்கும் ஒரு உதாரணம் இருக்கிறது. சபாநாயகர் விவகாரம் நடந்த அதே டிசம்பரில், பாராளுமன்ற இணையத்தளத்தில் நீதி அமைச்சர் ஹர்ஷண நாணயக்காரவின் பெயருக்கு முன்னாலும் 'கலாநிதி' என்று இருந்தது தெரியவந்தது. தமக்கு அப்படி ஒரு பட்டம் இல்லை, தாம் அப்படிச் சொல்லவும் இல்லை என்று அவர் குற்றப் புலனாய்வுத் திணைக்களம்வரை போய் முறையிட்டார். பதிவு செய்யும்போது நேர்ந்த பிழை என்று பாராளுமன்றத் தரப்பும் ஒத்துக்கொண்டது. விஷயம் அதோடு முடிந்தது.

இப்போது முக்கியமான இடம். வேலை கொடுக்கிறோம், வந்து சேருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். உங்களுக்கு மனதில் ஒரு உறுத்தல். அவர்கள் நீங்கள் சாதாரண தரம் முழுவதும் பாஸ் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். போமில் நீங்களே அப்படி எழுதியிருக்கலாம், அல்லது அவர்கள் தவறாக விளங்கியிருக்கலாம். என்ன செய்வது? சொல்வதற்கு ஆக நல்ல நேரம் அதுதான். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால். ஆளைப் பிடித்திருக்கிறது என்று அவர்கள் ஏற்கனவே முடிவு செய்துவிட்டார்கள். சேர்ந்து ஆறு மாதம் கழித்துச் சொன்னால் அது ஏமாற்று. சேருவதற்கு முன் சொன்னால் அது தகவல்.

எப்படிச் சொல்வது என்று பிள்ளைகள் கேட்பார்கள். நீளமாகப் பேச வேண்டாம், கெஞ்சவும் வேண்டாம். இப்படிச் சொல்லுங்கள்: "சேர், சேர்றதுக்கு முன்னாடி ஒரு விஷயம் சொல்லணும். சாதாரண தரம் சித்தின்னு போம்ல இருக்கு. எனக்குக் கணிதம் கிடைக்கல. மத்த பாடங்களோட பெறுபேறு இது. அடுத்த தடவ திரும்ப எழுதுறேன். இதோட எடுக்க முடியுமான்னு சொல்லுங்க." அவ்வளவுதான். பெறுபேற்றுத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். முடியும் என்றால் அந்த வேலை உங்களுடையது, யாரும் அதைப் பிடுங்க முடியாது. முடியாது என்றால் அன்றைக்கு மனம் நோகும். நோகாது என்று நாங்கள் பொய் சொல்ல மாட்டோம். பஸ்ஸில் திரும்பி வரும்போது அழுகை வரும். ஆனால் அதே இடத்தில் வேறொரு வேலை வரும்போது உங்களைக் கூப்பிடலாம். பொய் பிடிபட்டு வெளியே வந்தவரைக் கூப்பிட மாட்டார்கள்.

எழுதும்போது சொல்லைக் கொஞ்சம் கவனித்தால் பாதிச் சிக்கல் வராது. பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருந்தால் 'தோற்றியுள்ளேன், பெறுபேறு வரவில்லை' என்று எழுதுங்கள். வகுப்பு முடியவில்லை என்றால் 'பயின்றுகொண்டிருக்கிறேன்' என்று எழுதுங்கள். இதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை.

தகைமை என்றால் பாடம் மட்டும் அல்ல. சில வேலைகளில் ஒரு பொய் மற்றவருடைய உயிரோடு விளையாடும். இலகு வாகன லைசன்ஸை வைத்துக்கொண்டு, கனரக லைசன்ஸ் இருக்கிறது என்று சொல்லிக் கொழுந்து லொறியில் ஏறுகிற பையன், பசறை – லுணுகலைப் பாதையின் வளைவுகளில் யாரையெல்லாம் ஏற்றிக்கொண்டு போகிறான்? முதலுதவிப் பயிற்சி எடுத்தேன் என்று எழுதிவிட்டுப் பிள்ளை மடுவத்தில் வேலைக்குச் சேர்ந்த தங்கச்சி, ஒரு குழந்தைக்குத் தொண்டையில் ஏதாவது சிக்கினால் என்ன செய்யும்? அந்தப் பிள்ளை உங்களுடையதாகவும் இருக்கலாம்.

இந்த இடத்தில் ஒரு பெயரைச் சொல்லாமல் போக முடியாது. ரிசானா நபீக். திருகோணமலை மாவட்டத்தில் மூதூரைச் சேர்ந்த ஏழைக் குடும்பத்துப் பெண். 1988இல் பிறந்தவர். முகவர்கள் பாஸ்போர்ட்டில் பிறந்த வருடத்தை 1982 என்று போட்டு, 2005 மே மாதத்தில் அவரைச் சவூதி அரேபியாவுக்கு வீட்டு வேலைக்கு அனுப்பினார்கள். 17 வயதுப் பிள்ளை, கடதாசியில் 23 வயது. போன இடத்தில் நான்கு மாதக் குழந்தைக்குப் பால் கொடுக்கும் பொறுப்பும் அவருடைய தலையில் விழுந்தது. அதற்கு எந்தப் பயிற்சியும் இல்லை. சில வாரங்களுக்குள் குழந்தை இறந்துபோனது. பால் புரைக்கேறியது என்றார் அவர். கொலை என்றது வழக்கு. 2007இல் மரண தண்டனை. சிறு பிள்ளை என்று சொல்லிப் பார்த்தார்கள். பாஸ்போர்ட் வேறு வயதைச் சொன்னது. 2013 ஜனவரி 9ஆம் திகதி தண்டனையை நிறைவேற்றிவிட்டார்கள்.

அந்தப் பிள்ளை மீது நாங்கள் குற்றம் சொல்லவில்லை. யாரும் சொல்லவும் கூடாது. பொய்யை எழுதியவர்கள் முகவர்கள். குடும்பக் கஷ்டம்தான் அவரை அனுப்பியது. அங்கே நடந்த விசாரணையைப் பற்றியும் உலகம் முழுக்கக் கேள்வி எழுந்தது. ஆனால் ஒன்றை மட்டும் பெற்றோர்களே, நன்றாக மனதில் எடுங்கள். ஆபத்து வந்த நாளில் உண்மை வயது அவருக்குக் கைகொடுக்கவில்லை, பொய்க் கடதாசிதான் பேசியது. தோட்டத்துக்கு வருகிற சப் ஏஜென்ட், "வயச நாங்க பாத்துக்கிறோம், சமையல் வேலையில அஞ்சு வருஷ அனுபவம்னு நாங்களே போட்டுக்கிறோம்" என்று சொன்னால், வாசலிலேயே வைத்து அனுப்பிவிடுங்கள். இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்த முகவரா என்று விசாரிக்காமல் பாஸ்போர்ட்டைக் கையில் கொடுக்க வேண்டாம்.

இன்னொன்றும் நம்முடைய பக்கத்தில் நடக்கிறது. வயது போதாத தங்கை, அக்காவின் அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு கொழும்புப் பக்கம் கார்மென்ட் வேலைக்குப் போகிறது. அக்காவின் பெயரிலேயே வேலை, அக்காவின் பெயரிலேயே சம்பளம். ஊழியர் சேமலாப நிதிக்குச் சம்பளத்தில் 8 வீதம் வெட்டுவார்கள், கம்பனி 12 வீதம் போடும், நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு இன்னும் 3 வீதம். அத்தனையும் யாருடைய கணக்குக்குப் போகும்? அக்காவின் கணக்குக்கு. தங்கை வேலை செய்ததற்கு எந்த அத்தாட்சியும் இல்லை. மெஷினில் கை அகப்பட்டால் நட்டஈடு யாருக்கு? சகோதரிகள் சமாதானமாக இருக்கும்வரை சரி. கல்யாணமாகி மச்சான்மார் வந்தபிறகு அந்தக் காசுக்காக எழும்பும் சண்டையை யாராலும் தீர்த்துவைக்க முடியாது.

சரி, பொய் எழுத வேண்டாம் என்று சொல்வது லேசு. "தகைமையே இல்லாதவன் என்ன செய்வான்?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

தகைமை இருந்தும் கடதாசி இல்லாதவர்கள் நம்மிடம் நிறையப் பேர் இருக்கிறார்கள். பத்து வருடமாக மேசன் வேலை செய்கிறவர், வயரிங் தெரிந்தவர், தையல் தெரிந்தவர். இவர்கள் பள்ளிக்கூடத்தை எட்டாம் வகுப்போடு விட்டிருக்கலாம். ஆனால் தொழில் கையில் இருக்கிறது. இவர்களுக்காகவே தேசிய தொழிற் தகைமை என்கிற என்.வி.கியூ. சான்றிதழில் ஒரு வழி இருக்கிறது. வகுப்புக்குப் போகாமலே, ஏற்கனவே தெரிந்த தொழிலை மதிப்பிட்டுச் சான்றிதழ் கொடுப்பார்கள். ஆர்.பி.எல். முறை என்று சொல்லிக் கேளுங்கள், தெரியும். நீங்கள் செய்த வேலையின் படங்கள், வேலை கொடுத்தவர்களின் கடிதங்கள் போன்ற ஆதாரங்களைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். மதிப்பீட்டாளர் கேள்வி கேட்பார், செய்துகாட்டச் சொல்வார். தேறினால் சான்றிதழ். மட்டம் 1இலிருந்து 7 வரை இருக்கிறது. கைத்தொழில்காரர்களுக்கு 3, 4 என்பவைதான் பெரும்பாலும் பொருந்தும். நைட்டா என்று சொல்கிற தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபையில் விசாரிக்கலாம். இரண்டு வருடம் வேலை செய்ததைப் பத்து வருடம் என்று பொய்யாக எழுதுகிற அதே பையன், அந்த இரண்டு வருடத்தையே உண்மையான கடதாசியாக மாற்றிக்கொள்ளலாமே!

கணிதம் போனவர்கள் திரும்ப எழுதுங்கள். அந்த ஒரு பாடத்தை மட்டும் எழுதலாம். பாடசாலையை விட்டவர்கள் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக விண்ணப்பிக்கலாம்.

பெயர்ப் பிரச்சினை வேறு. பிறப்புச் சான்றிதழில் 'லெச்சுமி', பாடசாலைச் சான்றிதழில் 'லட்சுமி', அடையாள அட்டையில் வேறு ஒரு எழுத்து. அந்தக் காலத்தில் பதிந்தவருக்குக் காதில் எப்படி விழுந்ததோ அப்படியே எழுதிவிட்டார். இது உங்கள் பொய் அல்ல. ஆனால் பயந்துபோய் பிளேட்டால் சுரண்டி, பேனையால் திருத்தினால் அன்றோடு அது போலி ஆவணமாகிவிடும். பிரதேச செயலகத்தில் பதிவாளர் பிரிவுக்குப் போய்த் திருத்தம் கேளுங்கள். அதுவரைக்கும் இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி முடித்துக் கொடுக்கலாமா என்று வேலை கொடுக்கும் இடத்தில் கேளுங்கள். நாள் எடுக்கும். இரண்டு மூன்று தடவை அலைய வேண்டிவரும், ஒரு பேர் இழக்க வேண்டிவரும். அது எங்களுக்கும் தெரியும்.

கூட்டம் தொடங்குவதற்கு முன் ஒரு தம்பி எங்களைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். இங்கே எல்லோருக்கும் பிரயோசனப்படும் என்பதால் ஆளைச் சொல்லாமல் பதிலைச் சொல்கிறோம். "ஏற்கனவே கூட்டி எழுதிக் குடுத்து வேலையிலயும் சேந்துட்டேன். ரெண்டு வருஷமாச்சு. இப்ப என்னாங்க செய்றது?"

தம்பி, லேசான பதில் எங்களிடம் இல்லை. போலிச் சான்றிதழ் கொடுத்திருந்தால் வாயைத் திறப்பதற்கு முன் ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள். கையில் காசு இல்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. வெறுமனே வரியைக் கூட்டி எழுதியது என்றால், முதலில் அந்தக் குறையை உண்மையாகவே நிரப்பப் பாருங்கள். விட்ட பாடத்துக்கு விண்ணப்பம் போடுங்கள். போட்ட ரசீதையும் கையில் எடுத்துக்கொண்டு, உங்கள் மேலதிகாரியிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள். வேலை போகலாம். போகாது என்று நாங்கள் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் இரண்டு வருடம் வேலை செய்து காட்டிய பிறகு தானாக வந்து சொல்கிறவனையும், யாரோ மொட்டைக் கடிதம் போட்டுப் பிடிபடுகிறவனையும் எந்த முதலாளியும் ஒரே மாதிரிப் பார்ப்பதில்லை. பதவி உயர்வுக்குப் பெயர் போகும்வரை காத்திருக்க வேண்டாம். அப்போதுதான் பழைய ஃபைலைத் திறப்பார்கள்.

நாங்கள் பேசியது போதும். போம் கொண்டுவந்தவர்கள் அந்த ஓரத்து மேசைக்கு வாருங்கள். பெறுபேற்றுத் தாள், பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை மூன்றையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அவற்றைப் பார்த்துப் பார்த்துத்தான் ஒவ்வொரு கோட்டையும் நிரப்புவோம். அன்றைக்குக் கேள்வி கேட்ட அந்தத் தாயும் மகனோடு வந்திருக்கிறார், அவர்களை முதலில் பார்த்துவிடுகிறோம். மற்றவர்களுக்குத் தேத்தண்ணி வருகிறது.